தாராவுக்குப் புடவை எங்கிருந்து வந்தது

லூர்துராணிக்கு இப்போதெல்லாம் பன்னீர் வாசனை வந்தாலே குமட்டுகிறது. கல்யாண மண்டப வாசலில் யாராவது பன்னீர்ச் செம்பைத் தூக்கினால் போதும், மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். "என்ன டீச்சர், அலர்ஜியா?" என்று கேட்டால் ஆமாம் என்பாள். வேறென்ன சொல்வது? நல்ல நாளும் அதுவுமாக யாரிடம் போய் அந்தக் கண்றாவியை விளக்குவது?

அவள் பாலக்கரைக்காரி. அப்பா ஜெபராஜ் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். அடுத்தவன் குரலுக்கு மேலே குரல் எழுப்பினால்தான் அங்கே பிழைப்பு ஓடும். அந்தக் குரல் அப்படியே மகளுக்கு வந்துவிட்டது. கணவர் சவரிநாதன் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். வாயே திறக்காத மனுஷன், அதனால் வீட்டில் அவர் பங்குக்கும் இவளே பேசிக்கொள்வாள். திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறாள். சுயநிதிப் பிரிவென்றால் வேலை நிரந்தரமில்லை. ஜூன் நெருங்கினால் வயிற்றில் புளியைக் கரைக்கும். துறைத்தலைவர் நல்ல வார்த்தை சொன்னால் அடுத்த வருஷமும் வகுப்பு உண்டு, இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்து டியூஷன்தான்.

வகுப்பில் அவளுடைய ஆயுதம் ஒரே ஒரு கேள்வி. "எந்தப் பக்கம்?" பிள்ளைகள் மூலப் புத்தகத்தைத் தொடாமல், கடையில் விற்கும் நோட்ஸை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கதை அளப்பார்கள். இவள் உடனே கேட்பாள், எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு. காட்ட முடியாதவன் அசடு வழிந்துகொண்டு உட்காருவான். கல்லூரியில் அவளுக்குப் பெயரே 'எந்தப் பக்கம் மேம்' என்று ஆகிவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த நாவலை அவள் பாடமாக வைத்ததற்கு ஸ்டாஃப் ரூம் பேச்சுதான் காரணம். ஏதோ ஊரில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை செய்தியில் வந்திருந்தது. இங்கே எலுமிச்சை சாதத்தைப் பிசைந்துகொண்டே ஒருவர், "அந்தப் பொண்ணுக்கு அந்நேரத்துல அங்க என்ன வேலை?" என்றார். இன்னொருவர் அப்பளத்தைக் கடித்துக்கொண்டு, "போன்ல மணிக்கணக்கா பேச வேண்டியது, அப்புறம் குய்யோ முறையோன்னு கத்த வேண்டியது" என்றார். படித்தவர்கள்! பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள்! லூர்துராணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தாள். பெரியவர்களிடம் பேசிப் பிரயோஜனமில்லை, பிள்ளைகளிடமாவது பேசுவோம் என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

இளைஞர்கள் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாவல் அது. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த தாரா என்கிற நீச்சல்காரி. அவளை உலக அளவுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லும் பயிற்சியாளர். ஊரே கையெடுத்துக் கும்பிடும் ஆள். அவர் அவளிடம் அத்துமீறுகிறார். அதற்குப் பிறகு அவள் யாரிடம் சொல்கிறாள், யார் நம்புகிறார்கள், யார் நம்பாத மாதிரி நடிக்கிறார்கள் என்பதுதான் கதை. லூர்துராணி வகுப்பில் முதலிலேயே ஒரு விதி போட்டாள். "யாரும் சொந்தக் கதை பேச வேணாம். யாரையும் பேசச் சொல்லிக் கேக்கவும் வேணாம். தாராவைப் பத்தி மட்டும் பேசுவோம்."

முதல் வாரம் கடைசி பெஞ்சுப் பையன்கள் இளித்தார்கள். இவள் மார்க்கெட் குரலில் ஒரு அதட்டு அதட்டியதும் அடங்கினார்கள். மெல்ல மெல்லப் பெண்கள் வாய் திறந்தார்கள். தாரா ஏன் உடனே அம்மாவிடம் சொல்லவில்லை என்று ஒருத்தி கேட்க, சொன்னால் நீச்சலை நிறுத்திவிடுவார்களே என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். பையன்களில்கூட ஒருவன், "அவ சிரிச்சுப் பேசினா சம்மதம்னு அர்த்தமா மேம், அது எப்படி?" என்று கேட்டான். லூர்துராணிக்கு அன்றைக்கெல்லாம் தரையில் கால் பாவவில்லை.

ஜோதி எழுந்தது அப்புறம்தான். மூன்றாம் ஆண்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வருகிற பெண். அப்பா ரத்தினவேலுக்குக் காந்தி மார்க்கெட்டில் தக்காளிக் கடை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலொழியப் பேசாதவள், அன்றைக்குத் தானாகவே எழுந்தாள்.

"மேம், தாராவுக்கு ரொம்ப அருவருப்பா இருந்தது அவன் தொட்டது மட்டும் இல்ல மேம். உதவி பண்ற மாதிரி தொட்டதுதான். எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கிறப்பவே, முந்தானை நழுவுது பாரும்மான்னு சொல்லிக்கிட்டே கிட்ட வருவான். அவனே பின் குத்தி விடுவான். சீக்கிரமா குத்த மாட்டான். இவ கையில தட்டு இருக்கும், கீழ வைக்கவும் முடியாது. நான் உங்க அப்பா மாதிரிம்பான். சுத்தி இருக்கிறவங்க சிரிப்பாங்க."

லூர்துராணி புத்தகத்தைப் புரட்டினாள். பழக்கதோஷம்! "முந்தானையா? தாரா நீச்சல் குளத்துல நிக்கிறா. அவளுக்குப் புடவை எங்கேருந்து வந்துச்சு? எந்தப் பக்கம்?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஜோதி கையிலிருந்த புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "தெரியல மேம்" என்றாள்.

"படிக்காம வந்து கதை அளக்கக் கூடாது. உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள். அட ஆண்டவரே, இத்தனை வருஷம் பாடம் நடத்திய மண்டைக்கு அந்த நேரத்தில் ஒரு பொறி தட்டியிருக்கக் கூடாதா? சொந்தக் கதை வேண்டாம், தாராவைப் பற்றிப் பேசு என்று சொன்னதே இவள்தானே? சொன்னபடிதான் அந்தப் பெண் பேசினாள். இவள் பக்க எண் கேட்டாள்.

துறைத்தலைவர் பீமராவ் இந்த வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரேயடியாகப் பாராட்டினார். மெல்லிய குரல், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, யாரைப் பார்த்தாலும் 'அம்மா', 'கண்ணு'. கல்லூரியின் பெண்கள் பாதுகாப்புக் குழுவிலும் உறுப்பினர். சட்டைப்பையில் எப்போதும் நீல நிறத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா வைத்திருப்பார், அதில் சேஃப்டி பின். விழா என்றால் பெண் பிள்ளைகள் புடவை கட்டத் தெரியாமல் திண்டாடுமாம், அதற்காகவாம். "சார் பாக்கெட்ல பேனா இல்லாம இருக்கும், பின் இல்லாம இருக்காது!" என்று ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள். லூர்துராணியும் சிரித்திருக்கிறாள். கைப்பை வார் அறுந்தபோது ஒரு பின் வாங்கியும் இருக்கிறாள்.

"இதை நாம ஒரு கருத்தரங்கமாவே பண்ணிடலாம்மா" என்றார் அவர். "'இளையோர் நாவல்களில் பாலியல் வன்முறை'. நீங்க ஒருங்கிணைப்பாளர், நான் தலைமை. மேனேஜ்மென்ட்டுக்கும் உங்க பேரு தெரியணும்ல?" ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது. லூர்துராணி நன்றி சொன்னாள்.

அந்தக் கல்லூரியில் எந்த விழாவானாலும் வாசலில் நான்கு பெண்கள் பட்டுப்புடவை கட்டி, பன்னீர், சந்தனம், கற்கண்டுத் தட்டோடு நிற்க வேண்டும். அதை ஒரு கௌரவமாகவே எல்லோரும் பேசுவார்கள். புத்தகம் படிக்காவிட்டாலும் தைரியமாகப் பேசினாளே, தட்டிக்கொடுப்போம் என்று லூர்துராணி ஜோதியின் பெயரை அதில் சேர்த்தாள். மேடையில் பீமராவுக்குப் பொன்னாடை போர்த்துவதும் அவள்தான் என்றாள்.

"மேம், வேற வேலை எதுனா குடுங்களேன். சேர் தூக்கிப் போடுறேன். டீ குடுக்கிறேன்."

"அழகா புடவை கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறதுக்கு என்னம்மா வலிக்குது?"

ஜோதி தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

கருத்தரங்கு நாள். நுழைவாயிலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். தலைப்பில் 'வன்முறை' என்கிற சொல்லுக்குப் பக்கத்திலேயே பீமராவ் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். லூர்துராணி தான் வாசிக்க வேண்டிய கட்டுரையைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று பெண்கள் ஓய்வறைக்குள் போனாள். உள்ளே ஜோதியும் ஜென்சி என்கிற இன்னொரு மாணவியும். ஜென்சி கையில் ஊசி நூல். ஜோதியின் முந்தானையை ரவிக்கையோடு சேர்த்துத் தோளில் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். நெருக்கமான, கெட்டித் தையல். சாக்கு மூட்டையின் வாயைக் கூட யாரும் அவ்வளவு இறுக்கித் தைக்க மாட்டார்கள்.

"என்னம்மா இது, பின் குத்தினா ஆகாதா? கழட்டும்போது பட்டு கிழிஞ்சிடுமே!"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜென்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஜோதிதான் சொன்னாள். "தைச்சுட்டா நழுவாதுல்ல மேம். நழுவலைன்னா யாரும் பின்னைத் தூக்கிக்கிட்டு வர வேணாம்ல?"

நீல டப்பா. 'முந்தானை நழுவுது பாரும்மா.' கையில் தட்டு. தாராவுக்குப் புடவை எங்கிருந்து வந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீ வகுப்புல சொன்னது..."

"ஆமா மேம்."

"எத்தனை பேருக்குடி?"

"வாசல்ல நிக்கிற எல்லாருக்கும் மேம்" என்றாள் ஜென்சி. "சீனியர் அக்காங்கதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஊசி எப்பவும் அந்த ஜன்னல்லயே இருக்கும்."

ஜன்னல் விளிம்பில் ஒரு நூல்கண்டு இருந்தது. அதை லூர்துராணி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். யாருடையதோ என்று நினைத்து, தண்ணீர் பாட்டிலை அதன் பக்கத்திலேயே வைத்துமிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து அனுசுயா உள்ளே வந்தாள். அதே துறையில் நிரந்தரப் பேராசிரியை, ஸ்ரீரங்கத்துக்காரி, இதே கல்லூரியில் படித்து இங்கேயே வேலைக்கு வந்தவள். ஊசியையும் இவர்கள் முகத்தையும் பார்த்தாள், விஷயம் புரிந்துவிட்டது. பெண்கள் இருவரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துப் பூவைச் சரி செய்தாள்.

"உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா? அவர் எப்பவுமே அப்படித்தான். நாமதான் ஜாக்கிரதையா இருந்துக்கணும். நான் ஸ்டூடன்ட்டா இருக்கிறப்போ ஊசியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்த வழக்கத்தை ஆரம்பிச்சதே நான்தான்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது! குடிதண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தவள் மாதிரி! லூர்துராணிக்குப் பீமராவை நினைத்து வந்த அருவருப்புக்குச் சற்றும் குறையாத அருவருப்பு இவள்மேல் வந்தது. பிறகு அது தன் மேலேயே திரும்பியது. ஒருத்தி ஊசி வைத்தாள், இன்னொருத்தி பக்க எண் கேட்டாள். நடுவில் அந்த ஆள் பாட்டுக்கு வருஷா வருஷம் பின் வாங்கிக்கொண்டிருந்தான். தூ!

"புகார் குடுக்கணும்னு ஒரு நாளாவது தோணலையா அனுசுயா?"

"யாருகிட்ட? கமிட்டியில அவரே உக்காந்திருக்காரு. உங்களுக்கு ஜூன்ல ஆர்டர் வேணுமா, வேணாமா? சும்மா இருங்க."

லூர்துராணி வாசலுக்குப் போனாள். பன்னீர் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. ஜோதியைத் தூணுக்குப் பின்னால் அழைத்து, கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். "அன்னைக்கு உன்னை உக்காரச் சொன்னேன்ல, தப்பும்மா. நீ சொன்னதுதான் சரி. மேடையில நான் பேசப் போறேன். நீ வேணாம்னா பேசலை."

ஜோதியின் கண் கலங்கிவிட்டது. "அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவாரு மேம். வையம்பட்டியில மாமா பையன் ரெடியா இருக்கான், இந்த வருஷமே முடிச்சிடுவாங்க. எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர்தான் இருக்கு." கீழே இருந்த தட்டைக் குனிந்து எடுத்தாள். "பேசுங்க மேம். என் பேரு மட்டும் வேணாம். தாரான்னே சொல்லுங்க."

அரங்கம் நிரம்பியிருந்தது. பீமராவ் நடு நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கோத்துக்கொண்டு புன்னகைத்தார். லூர்துராணி ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். கட்டுரையை மடித்து வைத்தாள்.

"சார், உங்க பாக்கெட்ல இருக்கிற பின் டப்பாவைக் கொஞ்சம் குடுங்களேன்."

ஸ்டாஃப் வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். "பாத்தீங்களா, மேடைக்கே தேவைப்படுது!" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்து, தன் கையாலேயே கொடுத்துவிட்டுப் போனார். லூர்துராணி அதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"நாங்க படிக்கிற நாவல்ல தாரான்னு ஒரு பொண்ணு. அவளை விழா வாசல்ல தட்டோட நிக்க வைக்கிறாங்க. ஒரு பெரிய மனுஷர் வராரு. முந்தானை நழுவுதும்மாங்கிறாரு. நழுவலை. இந்த மாதிரி ஒரு டப்பாவை எடுக்கிறாரு. அவரே குத்திவிடுறாரு, மெதுவா. அப்பா மாதிரின்னு சொல்றாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் உள்பட. அதனால இந்தக் காலேஜ் பொண்ணுங்க முந்தானையை ரவிக்கையோட வெச்சுத் தைச்சுக்கிட்டு வந்து பன்னீர் தெளிக்குதுங்க. இன்னைக்கும் தைச்சிருக்குதுங்க."

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பீமராவ் முகத்தில் ஒரு கணம் என்னவோ ஓடியது. பிறகு அதே மெல்லிய குரல். தன் முன்னால் இருந்த ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார்.

"மேடம் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறாங்க. நானும் அந்த நாவலைப் படிச்சேம்மா. தாரா நீச்சல் வீராங்கனை. அதுல புடவையே கிடையாதே? நீங்க சொல்றது எந்தப் பக்கம்?"

தன்னுடைய கேள்வி அந்த வாயிலிருந்து வந்ததும் லூர்துராணிக்கு உடம்பெல்லாம் கூசியது. வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். ஜோதியின் பெயரைச் சொன்னால் ஒரே நிமிஷத்தில் அந்த வாயை அடைத்துவிடலாம். வாக்குக் கொடுத்திருக்கிறாளே, பெயரைச் சொல்ல மாட்டேன் என்று.

"புத்தகத்துல இல்ல சார்."

எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின. அரங்க வாசலில் ஜோதி நின்றுகொண்டிருந்தாள், கையில் பொன்னாடை. குரல் மேடை வரை தெளிவாகக் கேட்டது. "தாராவுக்கு நடக்கல. எனக்குத்தான் நடந்துச்சு. போன வருஷம் ஆண்டு விழாவுல. நீங்கதான் பண்ணீங்க."

அவளுக்குப் பக்கத்திலிருந்து ஜென்சி, "எனக்கும்" என்றாள். நடு வரிசையில் ஒருத்தி எழுந்தாள், பிறகு இரண்டு பேர். ஸ்டாஃப் வரிசையில் அனுசுயா மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், எழவில்லை. பீமராவ், "டப்பாவைக் குடுங்கம்மா" என்று கை நீட்டினார். லூர்துராணி அதைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செயலர் அறைக்குக் கூப்பிட்டார்கள். காலேஜ் மானம் போகிறது என்றார்கள், வெளியில் பேச வேண்டாம் என்றார்கள். மானம் பின் குத்தியபோது போகவில்லை, சொன்னபோதுதான் போனதாம். இத்தனைக்கும் நடுவில் மதியச் சாப்பாட்டுக்கு வந்த பிரியாணியை ஸ்டாஃப் எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார்கள். அனுசுயா கைகழுவும் இடத்தில் லூர்துராணியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாராவது போன் போட்டுச் சொல்வதற்குள் தானே அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள் ஜோதி. லூர்துராணியும் கூடவே கிளம்பினாள். காந்தி மார்க்கெட்டில் வியாபாரம் ஓய்ந்து, அழுகிய தக்காளியைக் கூடையிலிருந்து பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார் ரத்தினவேல். பட்டுப்புடவையில் மகளைப் பார்த்ததும் எழுந்தார். ஜோதி ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் மகளின் தோளில் இருந்த தையலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு லூர்துராணியிடம் திரும்பினார். "நீங்க டீச்சர்தானேங்க? அங்கேயே இருக்கீங்க. உங்களுக்கு இது தெரியவே தெரியாதா?"

"தெரியாதுங்க" என்றாள். சொன்ன வார்த்தை வாயில் கசந்தது. "தெரிஞ்சிருக்கணும். உங்க பொண்ணு சொல்லுச்சு. நான்தான் காதுல வாங்கலை."

ரத்தினவேல் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். ஜோதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வையம்பட்டி என்ற சொல் எந்த நிமிஷமும் வந்துவிடும் என்று லூர்துராணி பயந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலேஜ் இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"இருக்குப்பா."

"கடையைப் பக்கத்துக் கடை ஜாபர்கிட்ட விட்டுட்டு நானும் வரேன். புகார் எழுதிக் குடுக்கணும்ல? அப்பன் கையெழுத்து எங்க போடணும்?"

"உங்க கையெழுத்து வேணாம்ப்பா" என்றாள் ஜோதி. "என்னோடது போதும். நீங்க சும்மா கூட வாங்க."

அவர் சரியென்று தலையசைத்தார். தக்காளிக் கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, மகள் உட்கார ஒரு சாக்கை உதறிப் போட்டார்.